கூட்ரோட்டில் நின்ற குற்றம்

காலை ஆறு மணி. திண்டிவனத்தில் ஒரு ரூபாய் நாற்பது பைசா வாங்கிக்கொண்டு ஏற்றிய, மரக்காணம் சுற்றிப் புதுச்சேரி போகும் பஸ், மரக்காணத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. எழுபத்தாறாம் வருஷம், ஆனி மாதம். "புதுச்சேரி போறவங்க அடுத்த வண்டி வர்ற வரைக்கும் இறங்கி நில்லுங்க" என்றார் கண்டக்டர். நின்றேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

இடத்தின் பெயர் உப்பளத்துக் கூட்ரோடு. ஒரு டீக்கடை, ஒரு பூவரச மரம். அதற்கப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி பாத்தியாக உப்பு. வெயில் ஏறுவதற்குள்ளேயே கண் கூசியது. மரத்தடியில் முப்பது பெண்களாவது கூடையும் சும்மாடுமாக நின்றார்கள். என் பக்கத்தில் நின்றவளுக்கு நாற்பது வயது இருக்கும்; பெயர் அஞ்சலை என்றாள். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"காண்ட்ராக்டருக்குத்தான் சார். உப்பு வார ஆள் எடுக்க இங்கதான் வருவாரு. எல்லாரும் ஒண்ணா நின்னாத்தான் ஒரே கூலி கேக்க முடியும். இப்ப வூட்டுக்கு வரச் சொல்றாரு. அங்க போனா ஒவ்வொருத்தியா உள்ள கூப்ட்டு ஆளுக்கு ஒரு கூலி பேசுவாரு. நாங்க போவ மாட்டோம்."

ஆறரை மணிக்கு ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மரத்தில் புதிதாக ஆணியடித்திருந்த பலகையை லத்தியால் தட்டினார். காரணமின்றிப் பொது இடத்தில் கூடி நிற்பது குற்றம் என்று அதில் எழுதியிருந்தது.

"கலைஞ்சு போங்க! வேலை வேணும்னா காண்ட்ராக்டர் வூட்டாண்ட போங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகை அடித்தது யார், அடிக்கச் சொன்னது யார் என்று விளங்கப் பெரிய மூளையா வேண்டும்?

"நானும்தான் நிக்கிறேன். என்னையும் வெரட்டுவீங்களா?" என்றேன்.

"நீங்க டீக்கடையில போயி உக்காருங்க சார்."

"மாட்டேன்."

"அப்ப ஸ்டேஷனுக்கு வாங்க!"

அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகினாள். "சார் மட்டும் எதுக்கு? வாங்கடி, எல்லாரும் போவலாம். கேஸ் எழுதட்டும்."

ஏட்டு இதை எதிர்பார்க்கவில்லை. பெண்கள் முன்னே நடக்க, அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று வழியில் பார்த்தவர்களுக்குக் குழப்பம். அரை கிலோமீட்டரில் ஓட்டுக் கூரை போட்ட போலீஸ் அவுட்போஸ்ட்; ஏட்டு சொன்ன ஸ்டேஷன் அதுதான். வாசலிலேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டோம்.

ஏழரை மணிக்குக் கடல் பக்கம் வானம் கருத்தது. ஒருத்தி அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். என்னம்மா என்றேன்.

"பாத்தியில உப்பு வெளைஞ்சு கெடக்குது சார். மழைக்கு முன்ன வாரிக் குவிச்சு ஓலை போடலைன்னா அத்தனையும் கரைஞ்சு பூடும்" என்றாள் அஞ்சலை.

"உங்க இன்னிக்குக் கூலியும் போயிடுமே?"

சிரிப்பு நின்றது. "போவும்" என்றாள் அஞ்சலை. " வூட்ல எல்லாரும் பட்டினிதான். அதுக்காவ அவரு வாசல்ல கையைக் கட்டிக்கினு நிக்கச் சொல்றீங்களா சார்?"



எட்டு மணிக்கு காண்ட்ராக்டர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். "ஏட்டய்யா, இவங்கள ஏன் இங்க உக்கார வெச்சிருக்கீங்க? விட்ருங்க!"

"நீங்கதானே..." என்று ஆரம்பித்த ஏட்டு, என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"ஏம்மா அஞ்சலை, மழை வருதும்மா! கேட்ட கூலி தர்றேன், எழுந்து வாங்க!"

இடி உருண்டது. ஒருத்தியும் அசையவில்லை.

"இங்க வாணாம் மொதலாளி" என்றாள் அஞ்சலை. "கூலி பேசுற எடம் கூட்ரோடு. அங்க வந்து நின்னு கேளுங்க."

வந்தார். பூவரச மரத்தடியில் நின்று கூலியைச் சொன்னார். "காதுல விழல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தொண்டை கிழிய இன்னொரு தரம் சொன்னார். அதன் பிறகுதான் கூடைகள் தலைக்கு ஏறின. பெண்கள் வரப்பில் ஓடினார்கள். மெட்ராஸில் எங்கள் தெருவில் இப்படி ஒரு பலகை அடித்தால் மனு எழுதுவோம். எழுதியது யார் என்று வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வோம்.

எட்டே முக்காலுக்குப் புதுச்சேரி பஸ் வந்தது. "ஏறுங்க சார், ஏறுங்க" என்று கூட்ரோடு வரை பின்னாலேயே வந்திருந்த ஏட்டு பரபரத்தார். நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"இன்னும் எதுக்கு சார் நிக்கிறீங்க?"

பலகைக்கு அடியில் மரத்தில் சாய்ந்துகொண்டு, "சும்மாத்தான்" என்றேன்.