டீக்கடை ரேடியோவில் என் குரல்

இன்று சாயங்காலம் பொன்மலை குவார்ட்டர்ஸ் நாடகத்துக்காக, நண்பர் ராஜாமணியோடு வயர் இல்லாத மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மைக்கில் பேசினால் மேடையில் வைத்த ரேடியோவில் குரல் வர வேண்டும். ராஜாமணி ரேடியோ முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் இரைச்சல்தான்.

அப்போது என் மனைவி ஓடி வந்தாள்.

"வசந்தாவைக் காணோங்க! வாசல்லதான் விளையாடிக்கிட்டு இருந்தா."

எங்கள் நான்கு வயது மகள். கையில் மைக் இருப்பதையே மறந்து, "வசந்தா! எங்கம்மா இருக்கே? அப்பா கூப்பிடறேன், வாம்மா!" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினேன்.

முனை திரும்புவதற்குள், டீக்கடைக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்.

"யாரு பிள்ளைன்னு தெரியாம கடையில உட்கார வச்சிருந்தேங்க. திடீர்னு பாட்டு நின்னு, ரேடியோவுல உங்க குரல் கேட்டுச்சு. 'எங்கப்பா!'ன்னு பெட்டிக்குப் பின்னாடி போய் உங்களைத் தேடினா. அதே குரல் தெருவுலயும் கேட்டுச்சு, தூக்கிட்டு வந்துட்டேன்."

மகளை வாங்கி அணைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மைக்கும் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. நாங்கள்தான் முள்ளைத் தப்பான இடத்தில் வைத்துத் தேடியிருக்கிறோம்.

பொன்மலைக்காரர்களே, உங்கள் வீட்டிலும் பாட்டுக்கு நடுவில் நான் வந்து கத்தினேனா? கூச்சப்படாமல் சொல்லுங்கள். எத்தனை வீட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறேன்.