லாம்ப்ரிஸுக்கு என்ன தெரியும்

ஏதென்ஸ் அடிமைச் சந்தையில் லாம்ப்ரிஸை மேடையேற்றி விற்றபோது தரகன் திரும்பத் திரும்பக் கூவியது ஒன்றுதான்: "நூல் நூற்கத் தெரிஞ்ச பொண்ணு!" அவளுக்குத் தெரியாது. பதினோரு வயது. திரேஸ் மலையில் ஆடுகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவள். தக்களியைக் கையில் கொடுத்தால் நூல் ஓரிடத்தில் கயிறாகவும் ஓரிடத்தில் மயிராகவும் வரும். செருப்புத் தைக்கும் சோத்தெலெஸ் தன் மனைவிக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவளை வாங்கினார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த மனைவி, "இவ நூத்ததை உடுத்தினா ஆடே நம்மளைப் பார்த்துச் சிரிக்கும்" என்று அவளைக் கடைப்பக்கம் தள்ளிவிட்டாள்.

கடையில் முதலில் தோல் ஊறவைத்தாள். பிறகு வார் அறுத்தாள். இருபது வயதில், வந்தவரை மேசைமேல் ஏற்றித் தோலின்மீது நிற்கவைத்து, கோடு போடாமலே பாதத்தைச் சுற்றிக் கத்தியை ஓட்டினாள். கத்தி யார் காலிலும் பட்டதில்லை. சோத்தெலெஸ் மெல்ல மெல்ல வாசலில் உட்கார்ந்து விலை பேசுகிறவராகிப் போனார்.

தெருவில் அவளை 'சோஃபே', அதாவது கைதேர்ந்த அறிவுக்காரி, என்றார்கள். பாறையில் மோதாமல் கப்பலைக் கொண்டுவரும் மாலுமி, நல்ல பாட்டுக் கட்டுகிறவன், நல்ல தச்சன் எல்லோருக்கும் ஏதென்ஸில் அந்தச் சொல்தான். சோத்தெலெஸின் மகன் பிலாக்ரோஸுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. அவன் காலையில் பயிற்சிக்கூடத்துக்குப் போய்ப் பேரறிஞர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருகிறவன்.

"சோஃபியான்னா எல்லாத்துக்கும் மூல காரணம் அறியுற அறிவு. செருப்புக்குப் போய் அந்தச் சொல்லா?" என்பான்.

"சரிங்க சின்னவரே. வார் அந்துபோச்சு, காலைக் காட்டுங்க" என்பாள் அவள்.

நாற்பதை நெருங்கும்போது, கூடுதல் வேலை செய்து சேர்த்ததைக் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டாள். அதற்கு ஒரு வழக்கு நடக்கவேண்டும். இவள் என்னை விட்டுப் போய்விட்டாள் என்று எஜமான் புகார் கொடுப்பார், தோற்பார். எல்லாம் பேசிவைத்துக்கொண்டு நடப்பதுதான். ஜெயித்தவள் தெய்வத்துக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் செலுத்துவாள். அவள் பெயர், குடியிருக்கும் இடம், தொழில் மூன்றும் எஜமான் பெயரோடு கல்லில் வெட்டப்படும்.

லாம்ப்ரிஸுக்கு அந்த மூன்றாவது முக்கியம். சோத்தெலெஸ் கடைக்கு எதிரில் ஓர் இடம் காலியாக இருந்தது. இடத்துக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கல்லுல செருப்புத் தைக்கிறவன்னு இருந்தா வா. இல்லேன்னா வேற ஆள் காத்திருக்கான்."

வழக்கு முடிந்தது. எழுத்தர் தலை நிமிராமல் படித்தார்: "லாம்ப்ரிஸ். மெலிதேயில குடியிருக்கா. கம்பளி நூற்கிறவ. அடுத்தது யாரு?"

"நூற்கிறவ இல்லீங்க. செருப்புத் தைக்கிறவ."

"பொம்பளைங்கன்னா அப்படித்தாம்மா எழுதுறது. இன்னிக்கு மட்டும் பதினாலு பேரு எழுதியாச்சு."

"அவங்களுக்கு நூற்க வரும்ங்க. எனக்கு வராதே."

சோத்தெலெஸ் முன்னால் வந்தார். "நீங்க நூற்கிறவன்னே எழுதுங்க. கடையைக் கூட்டிப் பெருக்கின பொம்பள, பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கை பழகியிருக்கா. அதுக்குப் பேரு எம்பெய்ரியா. தொழில்னு சொல்ல டெக்னே வேணும். என் மகன் படிக்கிறவன், கேட்டுப் பாருங்க."

இரண்டு சொல்லும் சாப்பிடும்போது மகன் வாயிலிருந்து விழுந்தவை. பிலாக்ரோஸுக்குத் தன்னைக் கேட்டதில் பெருமை.

"ஆமா. எம்பெய்ரியா இருக்கிறவங்களுக்கு இப்படிச் செஞ்சா சரியா வரும்னு தெரியும், அவ்வளவுதான். ஏன் வருதுன்னு சொல்லத் தெரிஞ்சாத்தான் டெக்னே."

"அப்ப கேட்டு முடிங்க. எனக்குப் பசிக்குது" என்றார் எழுத்தர்.

பிலாக்ரோஸ் அவள் பக்கம் திரும்பினான். "அடித்தோலை எப்பவும் மாட்டு முதுகுலேர்ந்தே வெட்டுறியே, ஏன்?"

லாம்ப்ரிஸ் விழித்தாள். இத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. "அங்கதான் வெட்டணும்" என்றாள்.

"பார்த்தீங்களா?" என்று சிரித்தார் சோத்தெலெஸ். எழுத்தர் எழுதுகோலை எடுத்தார்.

அவள் கைகள் தாமாகவே, எதிரில் தோல் விரித்திருப்பதுபோல், காற்றைத் தடவின. "இருங்க. வயித்துப் பக்கம் இழுபடும். மாடு தின்னா வயிறு விரியணும் இல்ல? அதனால அங்க தோல் தளர்வு. அதுல அடி வெச்சா பத்து நாள்ல பரந்துபோய் விரல் மண்ணைத் தொடும். முதுகு அப்படி அசையாது."

"வார்?"

"முதுகெலும்பு ஓடுற வாட்டத்துலயே அறுக்கணும். குறுக்க அறுத்தா ஈரம் பட்டதும் நீண்டுடும்."

"என் இடது செருப்பு மட்டும் கனமா இருக்கே?"

"நீங்க இடது காலை உள்பக்கமாச் சாய்ச்சு மிதிக்கிறீங்க, சின்னவரே. அந்த ஓரத்துல ஒரு அடுக்கு அதிகமா வெச்சிருக்கேன். இல்லேன்னா மாசத்துக்கு ஒரு ஜோடி தேயும்."

பிலாக்ரோஸ் அங்கேயே செருப்பைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தான். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் பொய் சொல்ல வரவில்லை.

"அப்பா, காரணம் சொல்றாளே. இது டெக்னேதான்."

"வாயை மூடுடா!"

"நீங்கதானே கேட்கச் சொன்னீங்க?"

"இவ எதிர்ல கடை போட்டா நம்ம படியை எவன்டா மிதிப்பான்?"

எழுத்தர் இப்போதுதான் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார். "அட, சங்கதி அதுவா? தொழில் தெரியாதவளைப் பார்த்து ஏன்யா பயப்படுறீரு?" என்றவர், மெழுகுப் பலகையில் எழுதியிருந்ததைத் தேய்த்து அழித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

கல் வர மூன்று மாதமாயிற்று. இடத்துக்காரர் வந்து, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்துவிட்டுக் கடையைக் கொடுத்தார். லாம்ப்ரிஸ் என்ற பெயருக்கும் தொழிலுக்கும் பக்கத்திலேயே, வழக்கம்போல, யாரை எதிர்த்து வழக்கில் ஜெயித்தவள் என்று சோத்தெலெஸின் பெயரும் இருந்தது.

அவர் பயந்தது நடந்தது. இரண்டு வருஷத்தில் அவர் கடையில் தையல் நின்றுபோய், தோல் மட்டும் விற்றார். வாங்குகிறவர்களில் பெரிய கை லாம்ப்ரிஸ்தான். மாதம் ஒருமுறை தெருவைத் தாண்டி வந்து, கட்டுகளைத் தானே புரட்டி, வேண்டியதைப் பிரித்து வைப்பாள். அவர் எடுத்துக் கொடுப்பதுமில்லை, அவள் கேட்பதுமில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை சோத்தெலெஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்.