பிளாஸ்திரிக்குப் பின்னால் இருந்த மூக்கு

தெஹ்ரானில், நார்மக் பகுதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நெகாருக்கு வேலை. அடுத்தவர் மூக்கைப் பார்ப்பதே பிழைப்பு. வாரத்துக்கு இரண்டு பேராவது மூக்கை ஆபரேஷனில் அழகாக்கிக்கொண்டு, வெள்ளைப் பிளாஸ்திரியோடு கம்பீரமாக வருவார்கள். அவளுடையதோ நடுவில் மேடு கட்டிய, அப்பா வழி மூக்கு. அதைச் செதுக்கிக்கொள்ள டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாள். இன்னும் பத்தே நாள்.

அண்ணன் பெஹ்ருஸ் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் கெட்டில் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவான்.

"டாக்டர் இதுவரைக்கும் எத்தனை மூக்கு பண்ணியிருக்காரு? சரியா வராததையும் காட்டச் சொன்னியா? மயக்க மருந்து யாரு குடுக்கறது? அப்புறம் மூச்சு முட்டினா யாரைப் பிடிக்கறது?"

"அண்ணா, நான் கெட்டில் வாங்கப் போகல."

"கெட்டில்னா திருப்பிக் குடுத்துடலாம்டி. வாரக்கணக்கா மூக்குமேல கண்ணாடி வைக்கக் கூடாதாமே? கண்ணாடி இல்லாம உனக்கு என் மூஞ்சியே தெரியாதே!"

நெகார் அதை யோசிக்கவே இல்லை.

"முதல்ல வெறும் பிளாஸ்திரிய ஒட்டிக்கிட்டு நட. மூக்கு மாறினா என்னதான் மாறுதுன்னு பாரு" என்றான்.

ஒட்டிக்கொண்டாள். உள்ளே பழைய மூக்குதான் என்பது பெஹ்ருஸுக்கு மட்டுமே தெரியும். பக்கத்து வீட்டார் நோயாளியைப் பார்க்க வருவதுபோல அன்னாசி டப்பாக்களோடு வந்தார்கள். முதலாளி உட்கார நாற்காலி கொடுத்தார். பிளாஸ்திரிமேல் கண்ணாடி ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது எல்லோர் முன்னாலும் பிளாஸ்திரியைப் பிரித்தாள்.

"என் கண்ணே! அந்த மேடு இருந்த இடமே தெரியலையே!" என்று அக்தர் அத்தை கன்னத்தைக் கிள்ளினாள். அவள் அப்பாவின் தங்கை.

அம்மா அழுதாள். "செத்த மனுஷனோட மூக்கு ஒண்ணுதான் வீட்ல மிச்சம் இருந்துச்சு. அதையும் அழிச்சிட்டியே!"

நெகார் நிலைக்கண்ணாடி முன் ஓடினாள். மேடு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

"அத்தை, நான் ஆபரேஷனே பண்ணிக்கலை!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாளுங்க. டாக்டர் பேரைச் சொல்ல உனக்கு மனசு வரல, அவ்வளவுதான்."

பார்க்கிறவர்களுக்கே மேடு தெரியவில்லை என்றால் எதைச் செதுக்குவது? நெகார் டாக்டரின் சீட்டை எடுத்து அத்தை கையில் வைத்தாள். "நாளைக்கு எனக்கு வாங்கின நேரம். நீங்க போங்க."

அத்தை நெகாரின் படத்தோடு போனாள். "இதே மாதிரி வேணும், டாக்டர்."

டாக்டர் படத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "அம்மா, இதே மூக்குதானே உங்களுக்கு இருக்கு?"

சாயங்காலம் அத்தை தேநீரை ஆறவிட்டு, கைக்கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டிக்கார டாக்டர்டி. கையே வைக்கல, அதுக்குள்ள ஆயிடுச்சு!"