திங்கட்கிழமை இருமல்

அருள்புரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் துணி செக்கிங் என் வேலை. மெஷினிலிருந்து இறங்கும் துணியை விளக்குக்கு மேல் ஓடவிட்டு, பழுதைக் கண்ட இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நூல் முடிச்சு, எண்ணெய்த் துளி எல்லாம் மைனர். நாலைந்து மைனர் இருந்தாலும் துணி பாஸாகிவிடும்; மேஜர் ஒன்று இருந்தாலும் ஆகாது. பதினைந்து வருடம் இதையே பார்த்துப் பார்த்து, வீட்டில் நடப்பதையும் மைனர், மேஜர் என்று பிரிக்கும் புத்தி எனக்கு வந்துவிட்டது.

என் மனைவி அதே கம்பெனியில் நூல் கோன் மாட்டுவாள், மெஷினில் படியும் பஞ்சைத் துடைப்பாள். இரண்டு வருடமாக அவளுக்கு இருமல். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பாள். திங்கட்கிழமை கம்பெனிக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகிவிடும். லீவு முடிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வயிற்றுவலி வருமே, அந்த வியாதிதான் உனக்கும் என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்திருக்கிறேன். அவளும் சிரித்துவைப்பாள்.

மாடிப்படி ஏற முடியாமல் அவள் பாதியில் உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எனக்குத் தெரிந்த பயமெல்லாம் காசநோயும் புற்றுநோயும். டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்து, குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்து, தொற்றும் இல்லை, கட்டியும் இல்லை என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்து, எந்தக் கிழமையில் அதிகமாக இருக்கிறது என்று அவளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "திங்கட்கிழமைங்க."

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நோயை எத்தனை காலமாக இருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பார்களாம். எதனால் வந்தது என்று பார்த்தும் பிரிப்பார்களாம். திடீரென்று தாக்குவது ஒரு வகை. மெல்ல வந்து தங்கிவிடுவது நாள்பட்ட நோய். இவளுடையது இரண்டாவது. காரணம் பஞ்சுத் தூசி என்பதால் தொழில்சார் நோய். ஒரு நாள் தூசி படாமல் இருந்துவிட்டுத் திரும்ப அதற்குள் போவதால்தான் திங்கட்கிழமை அதிகமாகிறதாம். சீட்டிலும் அப்படியே எழுதினார்.

"அப்ப இது மைனர்தானுங்களே?" என்று கேட்டேன். அப்படிக் கேட்ட வாயை இப்போதும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

டாக்டரம்மா வாய் திறப்பதற்குள் என் மனைவி பேசினாள், மூச்சுக்கு நிறுத்தி நிறுத்தி. "ஏனுங்க, ஊசி உடைஞ்சு துணி நெடுகக் கோடு உழுந்தா, சின்னக் கோடுதானேன்னு உட்டுருவீங்களா? மெஷினை நிறுத்துன்னு எத்தன நாள் கத்தியிருக்கீங்க."

அந்தக் கோடு தலைமுடி அகலம்கூட இருக்காது. ஆனால் ரோல் முழுவதையும் கெடுத்துவிடும். நான் ஒரு நாளும் அதைப் பாஸ் போட்டதில்லை.

மறுநாளே அவள் வேலையிலிருந்து நின்றாள். தூசியை விட்டு விலகினால் இதற்குமேல் மோசமாகாமல் தடுக்கலாம், போன மூச்சு முழுதும் திரும்பும் என்று மட்டும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இப்போது திங்கட்கிழமைகளில் அவள் இருமுவதில்லை. மாடிப்படியில் பாதியில் உட்காருவது மட்டும் நிற்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவளாக எழுந்திருக்கும்வரை நான் எழுவதில்லை.