பரசுராமன் தொடாத பம்பு

பரசுராமன் கை வைத்தால் கல்லும் தண்ணீர் கக்கும் என்பது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சொல்வழக்கு. முப்பது வருடமாகப் பம்பு மெக்கானிக். மழைத்தண்ணீர் இறைக்கும் டீசல் பம்புக்கு அரசு டெண்டர் விட்டால், சோதனை ஓட்டத்துக்குக் கம்பெனிகள் அவரைத்தான் தேடிவரும். அதிகாரிகள் முன்னால் அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால் பம்பு தேறியது. தேறியதில் விலை குறைந்ததற்கு ஆர்டர். அவ்வளவுதான் அரசாங்கக் கணக்கு.

போன வருடம் அவர் ஓட்டிய பம்பு அடிக்கடி காற்றுப் பிடித்தது. காற்றுப் பிடித்தால் என்ஜின் உறுமும், தண்ணீர் வராது. பரசுராமன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வால்வை இம்மி இம்மியாகத் திருகி அரை மணியைத் தாண்டவைத்துவிட்டார். விலையும் அதற்கே குறைவு. தோற்ற கம்பெனி சும்மா இருக்குமா? மேல்முறையீட்டுக்குப் போனது.

ஆர்டர் மொத்தம் ஆறு பம்புக்கு, தெருவுக்கு ஒன்று. ஆறாவது வியாசர்பாடியில் அவர் தெருவுக்கே. முந்தின மழையில் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் இரண்டு நாள் குந்தியிருந்தவள் அவர் மனைவி கெங்கம்மா.

“நீ ஓட்டுன பம்பு நம்ம தெருவுக்கே வருதாமே!” என்று பூரித்தாள்.

அவருக்கோ அப்போதுதான் உறைத்தது. தேறியது பம்பு இல்லை, தன் கை. மழையில் அதை ஓட்டப்போவது தினக்கூலிக்கு வரும் யாரோ. வித்தை என்று நினைத்து இத்தனை நாள் ஊரை ஏமாற்றியிருக்கிறோமே என்று கூசிப்போனார்.

விசாரணைக்கு வந்த பொறியாளர் வரலட்சுமி ஜெயித்த பம்பு, தோற்ற கம்பெனியின் பம்பு இரண்டையும் மறுபடி ஓட்டச் சொன்னார்.

ஜெயித்த கம்பெனி முதலாளி பரசுராமன் காதில் கிசுகிசுத்தார். “அந்தப் பம்பு விலை ஜாஸ்தி. அதுக்கு ஆர்டர் போனா, அதே பணத்துக்கு ஆறு நாலாயிடும். லிஸ்ட்ல கடைசி உன் தெருதான்.”

பரசுராமன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“நா தொடமாட்டேன் மேடம். மழைல இத்த ஓட்டப்போறது நானா? வாட்ச்மேன் நோயல் கீறாரு. அவுரு ஓட்டட்டும்.”

நோயல் ஓட்டினார். ஏழாவது நிமிடத்தில் பரசுராமன் தேறவைத்த பம்பு காற்றுப் பிடித்து நின்றது. மற்றது, நோயல் டீ குடித்துக்கொண்டிருக்க, அரை மணியும் ஓடியது. ஆர்டர் கைமாறியது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் பரசுராமனைச் சோதனை ஓட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

கார்த்திகை மழையில் நாலு தெருவில் பம்பு ஓடியது. வியாசர்பாடி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கெங்கம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

“அந்த ஓட்டைப் பம்பாச்சும் வந்திருந்தா, நீ கூட நின்னு ஓட்டிகினு இருந்திருப்பியே?”

“ஓட்டியிருப்பேன். மத்த அஞ்சு தெருவுல யாரு கெங்கா ஓட்டியிருப்பா?”

அவள் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

“காலை மேல வெச்சுக்கோய்யா. தண்ணி ஏறிகினு கீது.”