பிரேக் மிதிக்க ஓர் ஆள்

எங்கள் மட்டாஞ்சேரிச் சந்தில் ஒரு வழக்கம். பார்சல் வரும்போது கதவு பூட்டியிருந்தால், கொண்டுவருபவர் எந்த வீட்டில் ஆள் தென்படுகிறதோ அங்கே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வாங்கி வைத்தவர் மாலையில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, நாம் பிரித்து முடிக்கும்வரை நகராமல் நிற்பார். கோவில்பட்டியிலிருந்து வந்து பதினான்கு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படி நின்றவர் பக்கத்து வீட்டு ரமா சேச்சி. கொங்கணிக்காரர். என்னோடு மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

பெட்டிக்குள் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி, வட்டமான மீட்டர், ரப்பர் குழாய்கள், ஒரு சின்ன டப்பா. "இது பிரஷர் நோக்குந்ந மெஷினல்லே? யாருக்கா பிரஷர்?" என்று சேச்சி பதறிவிட்டார். எனக்கில்லை, காருக்கு என்று சிரித்தேன். பிரேக் ஆயில் மாற்றும்போது குழாயில் காற்று தங்கிவிட்டால் பிரேக் பிடிக்காது. அதை வெளியேற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே குனிந்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். இந்தக் கைப்பம்பு வெளியிலிருந்தே காற்றை உறிஞ்சிவிடும். "இனிமே மிதிக்க ஆளே வேண்டாம் சேச்சி!" என்று மீட்டர் முள்ளை ஏற்றிக் காட்டினேன். சேச்சியின் முகம் சுருங்கிவிட்டது. "ஓ, அது நன்னாயி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருடமாக மிதித்துக்கொண்டிருந்த ஆளே அவர்தான்! என் கணவர் கப்பல் வேலைக்காரர், பாதி வருடம் கடலில். நான் ஜாக்கியை வெளியே எடுத்தால் போதும், சேச்சிக்கு மூக்கில் வியர்த்துவிடும். தானாக வந்து டிரைவர் சீட்டில் ஏறிக்கொள்வார். ஒரு மணி நேரம் மிதிப்பார், இரண்டு மணி நேரத்துக்குப் பேசுவார். நான் ஒருமுறைகூட வாய்திறந்து கூப்பிட்டதில்லை. இந்த வருடம் அவருக்கு முட்டிவலி. அதனால்தான் பம்பு வாங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. வந்த ஊரில் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது.

கோவில்பட்டியில் எங்கள் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் இந்த எண்ணமெல்லாம் கிடையாது. தெருவில் போகிற யாரையும் விடமாட்டான். "ஏலே, இங்க வந்து ரெண்டு மிதி மிதிச்சிட்டுப் போ!" என்பான். தபால்காரர்கூடப் பையைக் கழற்றிவைத்துவிட்டு மிதித்திருக்கிறார். ஸ்பேனர் பிடிக்க நான் கற்றதும் அங்கேதான். இங்கே இடப்பள்ளிக் கடையில் பம்பு கேட்டதற்கு, "சேட்டன்டெ ஒர்க்‌ஷாப் எவிடெயா?" என்று என் கணவரைப் பற்றி விசாரித்தார் கடைக்காரர். என் வீட்டு வாசல்தான் ஒர்க்‌ஷாப் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இருப்பு இல்லை, பார்சலில் அனுப்புகிறேன் என்றார். அதுதான் நேராகச் சேச்சி கையில் போய் விழுந்தது.

நான்கு நாள் சேச்சி சன்னல் பக்கமே வரவில்லை. சும்மா சொல்லக் கூடாது, வீடு வெறிச்சென்று இருந்தது. சனிக்கிழமை காலை தனியாக வேலையைத் தொடங்கினேன். மறுநாள் ஆரியங்காவு மலை இறங்கிக் கோவில்பட்டி போக வேண்டும். குழாயை மாட்டிப் பம்பை அழுத்தினேன். ஆயில் வந்தது, கூடவே குமிழி. அழுத்த அழுத்தக் குமிழி. டப்பா நிறைந்தும் நிற்கவில்லை. காற்று பிரேக்குக்குள்ளிருந்து வருகிறதா, நிப்பிளின் மரை வழியாக வெளியிலிருந்து நுழைகிறதா? மீட்டரைப் பார்த்தால் தெரியவில்லை. பழைய முறையில் மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு ஆள் வேண்டும்.

ஆயில் கையோடு சேச்சி வாசலில் போய் நின்றேன். "சேச்சி, வந்து மிதிக்கணும்" என்றேன்.

"அந்த மெஷின் மிதிக்கில்லே?"

"மிதிக்காது சேச்சி."

"கால்வலி எனக்கா, நினக்கா? வேணும்னா விளிக்கணும். எங்க கொங்கணி ஆள்க்காரும் எவிடெயோ இருந்து வந்தவங்கதான். பதினாலு கொல்லமாயி. இன்னும் நீ விருந்துகாரி மாதிரி நிக்கிறே!"

நல்லாக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி இடுப்பு முண்டின் நுனியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து ஏறினார். வலிக்கிற காலை ஒதுக்கிவைத்து, இடது காலால் மிதித்தார். நான் நிப்பிளைத் திறந்து மூடினேன். நான்கு சக்கரத்திலும் சுத்தமான ஆயில்தான் வந்தது, ஒரு குமிழி இல்லை. "பெடல் கல்லு போல கட்டியாயி, போதும்!" என்று கத்தினார். பம்பில் வந்த குமிழி மரை வழியாக நுழைந்த காற்றுதான். பிறகு பம்பை வாங்கி, முள் ஏறுவதையும் இறங்குவதையும் அரைமணி நேரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மலை இறக்கத்தில் பிரேக் சொன்னபடி கேட்டது. பிறந்த வீட்டில் கால் வைத்ததும் அண்ணன் மனைவி என்னைச் சோபாவில் உட்காரவைத்து, விருந்தாளிகளுக்கென்று அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்த பீங்கான் கோப்பையை இறக்கிக் கழுவி, அதில் காபி கொண்டுவந்தாள். எல்லாரும் குடிக்கிற டம்ளரில் கொடு என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்றது என் வாய்.