ஓடை இல்லாத மலை

எங்கள் அத்தான், அக்காவின் கணவர், ராணுவத்தில் இருந்தார். வடக்கே பனிமலை உச்சியில் காவல் நிற்கும் சிப்பாய்களுக்கு விமானத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய், கதவைத் திறந்து பாராசூட்டோடு தள்ளிவிடுகிற வேலை. எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், அவர் போன விமானம் திரும்பவில்லை, தேடுகிறோம் என்று தந்தி வந்தது. நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலையில் இருந்தேன். கேட்டதும் பஸ் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காவின் மாமனார் வீட்டுக்குப் போனேன்.

அங்கே அழுகைச் சத்தமே இல்லை. மாமனார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மலைல வழி தப்புனா என்ன? ஓடையப் பிடிச்சு எறங்குனா ஏதாச்சும் ஒரு ஊரு வந்துரும். அவனுக்கு இது தெரியாதா?"

இளவயதில் மேற்கு மலையில் விறகு வெட்டியவர் அவர். பக்கத்து வீட்டுக்காரரும் ஆமாம் போட்டார்.

"சின்னதுல ஆடு தேடிப் போயித் தொலஞ்சவன், மறுநா மலையடில செண்பகத்தோப்புல எறங்குனாம்லா? நாம அழுதுட்டு நிக்கோம், அவன் வாயெல்லாம் நாவப்பழக் கறை!"

அக்கா கூடச் சிரித்தாள். நடந்து நடந்து கால் வெடித்திருக்கும் என்று விளக்கெண்ணெய் வாங்கி வைத்தாள்.

சில வாரங்கள் கழித்து, அத்தானோடு வேலை பார்த்த சிப்பாய் ஒருவர் அவருடைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். விமானம் மலையில் மோதிவிட்டது, தேடிப் போனவர்கள் மேலே பறந்தபடி அதன் உடைந்த வாலைப் பார்த்தார்கள், இறங்கி யாரையும் எடுக்க முடியவில்லை என்றார்.

"உசிரோட வெளிய விழுந்திருந்தா, ஓடையப் பிடிச்சு..." என்று மாமனார் இழுத்தார்.

"ஓடையே ஐசாக் கெடக்கும்யா. எங்கிட்டுப் போக?"

"கொஞ்சம் கீழ எறங்குனா மரம், மட்டை..."

"ஒரு செடி கெடையாதுய்யா."



உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் கட்டி எரிப்பது என்று உறவினர்கள் முடிவு செய்தார்கள். அந்த நாளில் அக்கா தாலியைக் கையால் பொத்திக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் மாமனாரே உள்ளே போனார்.

"எந்திரித்தா. நேரமாகுது."

"நீங்கதான மாமா, அவிய வந்துருவாகன்னு சொன்னிய?"

"தெரியாமச் சொல்லிட்டேன்த்தா."

"தெரியாம எதுக்குச் சொன்னிய?"

நான்தான் அக்காவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன்.

சடங்குக்காக அக்காவின் தலையில் ஊற்றிய தண்ணீர் காயும் முன்பே ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிவிட்டார்கள். புல்தானே, சீக்கிரம் எரிந்துவிட்டது.